ஈஸ்வரி போட்ட கணக்கு

காலையில் நீங்கள் வகுப்புக்குள் நுழையும்போது, முந்தின நாள் செல்போனில் தொடங்கிய ஏதோ ஒரு சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் உங்கள் மாணவர்கள் எழுந்து வணக்கம் சொல்வார்கள். என்ன சண்டை, யாருக்கும் யாருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. என் பணியின் கடைசி சில வருடங்களில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

போன வாரம் வீட்டுக்கு வந்த உங்களில் ஒருவர் கேட்டார். பிள்ளைகள் ஆன்லைன் குரூப்களில் யாருக்குக் கணக்கு வரும், யாருக்கு வராது, யார் எவ்வளவு மார்க் என்று பெருமையடித்துக்கொண்டு மோதுகிறார்கள். கணக்கு ஆசிரியர்கள் அதற்குள் போகலாமா கூடாதா என்று. நான் காபியை நீட்டிப் பேச்சை மாற்றிவிட்டேன். போகலாம், போகக் கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் கோவில்பட்டியில் நான் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த காலத்தில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெருமையடிப்பது புதிதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது பஸ்ஸின் கடைசி சீட்டில் நடக்கும். விடைத்தாள் கொடுத்த அன்றைக்கு மாலை பஸ்ஸில் ஏறினால், மார்க்கைக் கத்திச் சொல்லும் பையன்களை அடக்கக் கண்டக்டர் படும் பாட்டை முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே போவேன். சைக்கிள் ஷெட் சுவரில் கரித்துண்டால் ஒருவன் தன் பெயரை எழுதிப் பக்கத்தில் நூறு என்று போட்டிருப்பான். மறுநாள் அதற்குக் கீழே இன்னொருவன் "காப்பி" என்று எழுதியிருப்பான். அடுத்த மழையில் இரண்டும் போய்விடும். அந்தச் சுவரைப் படிக்காமல் நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போனதே இல்லை. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. யாரும் யாரையும் நம்பமாட்டார்கள். யாருக்கும் அதனால் காயமும் இருக்காது.

பிறகு எல்லாம் போனுக்குப் போயிற்று. நான் சொல்லப்போகும் வருடத்தில், தமிழ்நாடு முழுவதும் உள்ள பிளஸ் டூ கணக்கு மாணவர்கள் சேர்ந்திருந்த பெரிய குரூப் ஒன்று இருந்தது. ஏதோ ஒரு ஊரில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் அதை நடத்தினான். சந்தேகம் கேட்கத் தொடங்கியது. ஆனால் சந்தேகம் கேட்டவர்களைவிட, "இதுகூடத் தெரியாதா" என்று கேட்டவர்கள்தான் அதிகம். என் வகுப்பில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள்.

அந்த வகுப்பில்தான் ஈஸ்வரி இருந்தாள். அப்பாவும் அம்மாவும் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிறவர்கள். இவள் கோவில்பட்டியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். கணக்கில் என் பணிக்காலத்தில் பார்த்த நல்ல மூளைகளில் ஒன்று. அடக்கம் என்பது கொஞ்சமும் கிடையாது. "நம்ம கிளாஸ்ல முதல்ல நான், ரெண்டாவதும் நான், மூணாவதா வேணும்னா யாராச்சும் வந்துக்கோங்க" என்பாள். மற்ற ஆசிரியர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். எனக்கோ ஒரு பெண்பிள்ளை தன் கணக்கைப் பற்றி அப்படிப் பேசுவதைக் கேட்கப் பிடித்திருந்தது. ஒரு நாளும் கண்டித்ததில்லை.

அதே வகுப்பில் கதிரேசன் இருந்தான். இடைசெவலைத் தாண்டி ஒரு கிராமம். மானாவாரி நிலம், உளுந்தும் மக்காச்சோளமும். பள்ளி ஹாக்கி அணியில் ஆடினான். கணக்கில் எழுபதுக்குப் பக்கத்தில் வருவான், அதற்கு மேல் ஆசைப்படவும் மாட்டான். வகுப்பு சோர்ந்துபோகும் கடைசிப் பீரியடில் எதையாவது சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பான். அவன் வராத நாளில் வகுப்பு வேறு மாதிரி இருக்கும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து மார்க் வந்த சமயம். பெரிய குரூப்பில் யாரோ ஒரு நகரத்துப் பையன் ஒரு தொகையிடல் கணக்கைப் போட்டுவிட்டு, கூடவே எழுதியிருக்கிறான்: தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கு என்றால் மனப்பாடம்தான், எண்ணை மாற்றிக் கொடுத்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று.

வழக்கமான முறையில் போனால் ஒரு பக்கம் தாண்டும் கணக்கு அது. ஈஸ்வரி ஏற்கெனவே அதை நான்கைந்து வரியில் முடித்து, எங்கள் வகுப்புக் குரூப்பில் படம் எடுத்துப் போட்டிருந்தாள். கதிரேசன் அந்தப் படத்தை எடுத்தான். மேலே இருந்த அவள் பெயரை வெட்டினான். பெரிய குரூப்பில் போட்டு, "கோவில்பட்டியில் நாங்கள் இப்படித்தான் மனப்பாடம் செய்வோம்" என்று எழுதினான்.

ஒரு மணி நேரத்தில் அவன் அங்கே பெரிய ஆளாகிவிட்டான். மாநிலத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பிள்ளைகள் பாராட்டினார்கள். அரையாண்டில் எவ்வளவு என்று ஒருவன் கேட்டான். நூறு என்றான் கதிரேசன்.

ஈஸ்வரி அதைப் பார்த்தது மறுநாள். நேராக அங்கேயே எழுதினாள், இது என் கையெழுத்து, நான் போட்டது என்று. யாரும் நம்பவில்லை. பொறாமை என்றார்கள், போலி ஐடி என்றார்கள். பெண்பிள்ளை என்று தெரிந்ததும் சிலர் எழுதியதை நான் இங்கே எழுத மாட்டேன். அந்த நேரத்தில் கதிரேசன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவனும் எழுதினான். "இவ என் கிளாஸ்தான். என்னைப் பார்த்துத்தான் எழுதினா."

திங்கட்கிழமை வகுப்பு இரண்டாகக் கிடந்தது. பையன்களில் பாதிப் பேர் கதிரேசன் பக்கம். அவன் சொன்னது பொய் என்று அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் வெளியூர்க்காரன் முன்னால் அவனை விட்டுக்கொடுக்கக் கூடாதாம். ஈஸ்வரி எழுந்து, எல்லோர் முன்னாலும் என்னிடம் போனை நீட்டினாள். கதிரேசன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஆனால் வேகமாக முடித்துவிட நினைப்பவர். இரண்டு பேரின் பெற்றோரையும் வரச் சொல்லலாம், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பையனை மன்னிப்புக் கேட்க வைக்கலாம் என்றார். எனக்கு அவகாசம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் போன் வந்தது. அந்தப் பெரிய குரூப்பை நடத்தும் கல்லூரிப் பையன். எங்கள் பிள்ளைகள் யாரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினான். ரெண்டு பேரும் உங்க ஸ்டூடண்ட்ஸ்தான் மேம், யார் சொல்றது உண்மைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், அதைக் குரூப்பில் போட்டுவிட்டுப் பொய் சொன்னவரை நீக்கிவிடுகிறோம் என்றான். ஈஸ்வரி அப்போது டெஸ்ட் பேப்பர் கட்டை வைக்க ஸ்டாஃப் ரூமுக்கு வந்திருந்தாள். என் மேஜைக்கு எதிரே நின்று என் முகத்தையே பார்த்தாள்.

உண்மை எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தை எந்த இருட்டிலும் அடையாளம் சொல்வேன். ஒரு வாக்கியம் போதும், அவளுக்கு நியாயம் கிடைத்துவிடும். ஆனால் அந்த வாக்கியம் என் குரலில் ஆயிரக்கணக்கான முகம் தெரியாதவர்களிடம் போகும். ஒரு மாணவன் பொய்யன் என்று அவன் ஆசிரியரே சொன்னதாக அது ஊர் ஊராகச் சுற்றும். பிறகு நான் நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

"என் பிள்ளைங்க விஷயத்தை நான் என் வகுப்புலதான் பேசுவேன் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தக் கல்லூரிப் பையனும் நடந்ததைக் குரூப்பில் அப்படியே எழுதினான். ஆசிரியரிடம் கேட்டோம், பதில் சொல்ல மறுத்துவிட்டார் என்று. ஆசிரியரே வாய் திறக்கவில்லை என்றால் அந்தப் பெண் சொன்னதுதான் பொய் என்று குரூப் முடிவு கட்டியது. மாலை மணி அடித்ததும் ஈஸ்வரி என்னிடம் வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் டீச்சர்."

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா அவன் இந்த வகுப்புக்குத் திரும்பி வரமாட்டான்."

"அவன் வரணும்கிறதுக்காக நான் எதுக்குப் பொய்க்காரியா இருக்கணும்?"

நாளைக்கு ஒரு நாள் பொறு, அதற்குள் முடியாவிட்டால் நானே போன் பண்ணிச் சொல்கிறேன் என்றேன். அதைச் சொல்லும்போது அப்படிச் செய்யத்தான் போகிறேன் என்று எனக்குத் தெரியும். அவள் பையை மாட்டிக்கொண்டாள். "பொறுக்கேன் டீச்சர். அவனுக்காக இல்ல" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. கதிரேசனின் கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்தேன். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. கரிசல் காய்ந்து வெடிப்புவிடத் தொடங்கியிருந்தது. செருப்பு நுனி அங்கங்கே மாட்டியது. கதிரேசனின் அப்பா வீட்டு வாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீங்க வருதீங்கன்னு தெரிஞ்சா நானே வந்திருப்பேன் டீச்சர். பய வாயத் திறக்க மாட்டேங்கான். படிப்பு வேண்டாங்கான். பொங்கல் முடிஞ்சதும் மெட்ராஸ்ல மாமன் கடைக்குப் போறேன்னு நிக்கான். என்ன செஞ்சான்னு நீங்களாவது சொல்லுங்க."

வகுப்பில் ஒரு பிரச்சினை, அவனிடம் பேசிவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அவர் பிஞ்சை நிலத்துக்கு வழி காட்டினார்.

கதிரேசன் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டு நிமிராமல் அதே வேகத்தில் பிடுங்கிக்கொண்டே போனான். நானும் வரப்பில் கூடவே நடந்தேன். அவனிடம் எப்படியெல்லாம் பேசுவது என்று பஸ்ஸில் யோசித்து வந்ததெல்லாம் அங்கே உதவவில்லை. வெயில்தான் ஏறியது. வரப்பு முடிந்த இடத்தில் நின்றான்.

"அவன் நம்ம ஊரைச் சொன்னான் டீச்சர்" என்றான். "எனக்கு ஆத்திரமா வந்துச்சு. திருப்பிப் போட என்கிட்ட ஒண்ணுமில்ல. ஈஸ்வரி போட்டதுதான் இருந்துச்சு."

"அவ பேரோட போட்டிருக்கலாமே."

கையிலிருந்த செடியின் வேர் மண்ணை உதறினான். பிறகு சொன்னான். "போடலாம்னுதான் எடுத்தேன். அப்புறம் வெட்டிட்டேன். எல்லாரும் என்னைய மேத்ஸ் மாஸ்டர்ங்காங்க. ஒரு நாளும் என்னைய அப்படி யாரும் சொன்னதில்ல. நல்லா இருந்துச்சு டீச்சர்."

நான் அவனைத் திட்டத்தான் வந்திருந்தேன் என்று நினைக்கிறேன். முடியவில்லை. என்னிடம் அத்தனை வருடங்களில் எத்தனையோ எழுபது மார்க் பிள்ளைகள் படித்துப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவனும் எனக்கு இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஈஸ்வரி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் ஒன்றை மட்டும் சொன்னேன். அந்தக் குரூப்பில் உன்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எல்லோரும் அவளைப் பொய்க்காரி என்கிறார்கள், அதை நீ மாற்றலாம் அல்லது நான் மாற்றலாம், நீ மாற்றினால் நல்லது என்றேன்.

"சொன்னா என்னையக் கிழிச்சிருவாங்க டீச்சர்."

"கிழிப்பாங்க."

அவன் என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். இல்லை, அப்படியெல்லாம் ஆகாது என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பான் போல. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் போனை எடுத்தான். எழுதினான், அழித்தான். ஏன் செய்தேன் என்று எழுதட்டுமா என்று கேட்டான். அதை ஈஸ்வரி கேட்டால் அவளிடம் சொல், இங்கே வேண்டாம் என்றேன். கடைசியில் அவன் எழுதியது இவ்வளவுதான்: "அந்தக் கணக்கு நான் போட்டதில்லை. என் வகுப்பு ஈஸ்வரி போட்டது. அவள் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய். மார்க்கும் பொய்."

பிஞ்சைக்குள் டவர் எடுக்காது. ரோட்டுக்குப் போனால்தான் அனுப்ப முடியும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீ அனுப்பினாயா என்று நின்று பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவன் அப்பாவிடம், பையன் தப்பு செய்தான், திருத்திக்கொண்டிருக்கிறான், திங்கட்கிழமை அனுப்பி வையுங்கள், வீட்டில் அடிக்காதீர்கள் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். பஸ் ஊரைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டோரம் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தான். அனுப்புகிறானா, இன்னும் யோசிக்கிறானா என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஈஸ்வரியிடமிருந்து போன். "போட்டிருக்கான் டீச்சர்" என்றாள். உடனே வைத்துவிட்டாள்.

கிழித்தார்கள். அவன் படத்தை வைத்துக் கேலி செய்தார்கள். எங்கள் ஊரையும் சேர்த்துத்தான். ஈஸ்வரியை ஏசியவர்களில் ஒருவரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. குரூப்பை நடத்திய பையன் மட்டும் அந்தக் கணக்கை அவள் பெயரோடு மறுபடி போட்டான். அதற்குள் அங்கே வேறு இரண்டு பேருக்குச் சண்டை தொடங்கியிருந்தது. "யாருமே பாக்கல டீச்சர்" என்று திங்கட்கிழமை ஈஸ்வரி சொன்னபோது, அவளுடைய ஏமாற்றம் எனக்குப் புரிந்தது. பொய்யைப் பார்க்க வந்த கூட்டம் திருத்தத்தைப் பார்க்க வருவதில்லை. அதற்காகக் காத்திருக்கச் சொல்லி உங்கள் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள்.

கதிரேசனும் வந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். தலைமையாசிரியர் வழிபாட்டுக் கூட்டத்தைப் பற்றி மறுபடி கேட்டார். பொய் சொன்ன இடத்திலேயே அவன் உண்மையைச் சொல்லிவிட்டான் சார், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு விட்டுவிட்டார். அதற்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருவரையும் கைகுலுக்க வைக்க நான் முயற்சி செய்யவில்லை. ஈஸ்வரி அவனோடு பேசவில்லை. அவளுடைய தோழிகளும் பேசவில்லை. அவன் ஒரு நாள் அவளிடம் போய் ஏதோ சொல்ல முயன்றான்; அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனாள். அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. அதை எப்போது விடுவது என்பது அவள் பாடு. கதிரேசனின் சிரிப்பு இல்லாமல் கடைசிப் பீரியட்கள் நீண்டுகொண்டே போயின.

பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். ஈஸ்வரி மதுரையில் கணிதம் படிக்கிறாள். பொதுத் தேர்வில் அவளுக்கு நூறு வரவில்லை, கொஞ்சம் குறைந்துவிட்டது. திருத்தியவர் மேல்தான் தப்பு என்று மறுகூட்டலுக்குப் போட்டாள், ஒன்றும் மாறவில்லை, இன்றைக்கும் திருத்தியவர் மேல்தான் தப்பு என்கிறாள். கதிரேசன் எழுபதைத் தாண்டிக் கொஞ்சம் வாங்கினான். இங்கேயே கல்லூரியில் பி.காம் படித்துக்கொண்டு ஹாக்கி ஆடுகிறான். மெட்ராஸுக்குப் போகவில்லை.

ஆனால் அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மார்க் இல்லை. தேர்வுக்கு முந்தின திருப்புதல் வகுப்பு ஒன்று. மாசி வெயில், மின்விசிறி ஓடவில்லை. ஒரு தொகையிடல் கணக்கைப் போர்டில் போடக் கதிரேசனைக் கூப்பிட்டேன். சும்மாதான் கூப்பிட்டேன், வரிசையில் அவன் முறை. நான் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவன் மெதுவாகப் போட்டுக்கொண்டே வந்தான். பாதிக்கு மேல் நின்றுவிட்டான். எழுதியதையே திரும்பத் திரும்பப் பார்த்தான். உதவலாமா என்று நான் எழுந்துகொள்ளப் போனேன்.

"ஏலே, மைனஸை விட்டுட்ட" என்றாள் ஈஸ்வரி. தலையைத் தூக்கவில்லை. தன் நோட்டில் எழுதிக்கொண்டே, எரிச்சலோடு சொன்னாள். "ரெண்டாவது வரியில. அதைக்கூடப் பாக்க மாட்டியா?"

கதிரேசன் டஸ்டரை எடுத்து இரண்டாவது வரியை அழித்தான். மைனஸைப் போட்டான். அங்கிருந்து கணக்கு தானாக இறங்கி வந்தது. நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.